சேகருக்கு, உன் மாத்திரையைப் பற்றி

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லோரும் நலம். சின்னவள் பிளஸ் டூ தேறிவிட்டாள்.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலை நிறுத்திவிட்டு டாக்டர் ஈசோமெப்ரசோல் எழுதியிருக்கிறார், "முன்னாடி ஒரு எழுத்தைச் சேர்த்து விலையை ஏத்திட்டாங்களா?" என்று கேட்டிருந்தாய். லுங்கி வியாபாரிக்கு விலைதானே முதலில் கண்ணில் படும்! பி.எஸ்சி.யில் இந்தப் பாடம் நடந்த அன்று நீ கோட்டை அகழிப் பக்கம் போயிருந்தாய். பிப்பெட் சார் மறந்திருக்க மாட்டார்.

இந்த மருந்து ஒரு சல்பாக்சைடு. நடுவில் கந்தகம், அதில் ஒரு ஆக்சிஜன், இரண்டு வெவ்வேறு தொகுதிகள். மூன்றும் முக்காலியின் கால்கள் போல விரிந்து நிற்கும். மேலே பிணைப்பில் சேராத தனி எலக்ட்ரான் இணை. அதனால் கண்ணாடி பிம்பம் போல இடம், வலம் என இரண்டு வடிவங்கள். நைட்ரஜனுக்கும் இதே அமைப்புதான், ஆனால் அது நிலைக்காது, காற்றில் குடை திரும்புவது போல மறுபக்கம் புரண்டுவிடும். அம்மோனியா அப்படிப் புரளத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை மோலுக்கு 6 கிலோகலோரி அளவே. நொடிக்குக் கோடிக்கணக்கான முறை புரளும். சல்பாக்சைடில் தடை 35க்கு மேல். கந்தகத்தின் இருபுறமும் பென்சீன் போன்ற வளையங்கள் உள்ள டைஅரைல் வகைகள் புரள 200 டிகிரி வாக்கில் சூடு வேண்டும், நம்ம ஊர் கத்திரி வெயிலெல்லாம் எம்மாத்திரம்! 1926இலேயே ஹாரிசன், கென்யன், பிலிப்ஸ் மூவரும் இப்படிப்பட்ட சல்பாக்சைடை இடம் வலமாகப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். ஒமெப்ரசோலில் இரண்டும் சரிபாதி; உன் புது மாத்திரையில் இடது மட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். இவ்வளவு உறுதியான அந்த வடிவம், வயிற்றுச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்லுக்குள் போனதும் காணாமல் போகிறது. ஆக்சிஜன் கழன்று, இடதும் வலதும் சல்ஃபெனமைடு என்ற ஒரே பொருளாக மாறிவிடுகின்றன. அமிலச் சுரப்பைத் தடுப்பது அதுதான். அப்புறம் எதற்கு இடது? கல்லீரல் அதை மெதுவாகக் கழிக்கிறது, ரத்தத்தில் கூடுதலாக நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். விலையைப் பற்றிய உன் சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு.

ஆனால் மாத்திரையைப் பொடித்துக் குடிக்கிறாய் என்று தங்கச்சி போனில் சொன்னதும் பகீரென்றது. மேல்பூச்சு எதற்கு இருக்கிறது? இரைப்பை அமிலத்தில் மருந்து வழியிலேயே சிதையாமல் குடலுக்குப் போய்ச் சேரத்தான். முழுசாக விழுங்கு, சாப்பாட்டுக்கு முன்னால்.

சோறு நெஞ்சில் அடைக்கிறது என்றும் சொன்னாள். அதை மாத்திரையோடு விடக் கூடாது சேகர், குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். கடையைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸில் வா, வெறும் வயிற்றோடு. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போகிறேன். பழைய சீட்டுகளை எடுத்து வர மறக்காதே.

அன்புடன்,
முரளி