மூக்குத்தி கழற்றிய அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

ஆபரேஷன் முடிந்து அம்மா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். சுவரைப் பிடித்தபடி அடுப்படி வரை நடந்து, காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று சண்டையும் போட்டாயிற்று. நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

ராத்திரி என்று பார்க்காமல் ரத்தம் கொடுக்க வந்த தம்பிகள், 108 வண்டிக்காரர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், காப்பீட்டு அட்டைக்காக அலைந்த மாமா, வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்த பெரியம்மா என்று எத்தனையோ பேர். பெயர் போட்டால் ஒன்று விட்டுப்போகும், அப்புறம் வம்பு. எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன் உடம்பில் பொட்டு நகை இருக்கக் கூடாது என்றார்கள். தோடு, மெட்டி எல்லாம் கழன்றன. மூக்குத்தி வரவில்லை. கல்யாணத்துக்குப் போட்டது, நாற்பது வருஷமாகச் சுரை இறுகிக் கிடந்தது. நான் திருகத் திருக அம்மா கண்ணில் தண்ணீர். வெட்டித்தான் எடுக்கணும் போல என்று யாரோ சொன்னதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா மாப்பைச் சாய்த்து வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். பையிலிருந்து ஒரு சின்னத் தேங்காய் எண்ணெய்ப் புட்டி. “நீங்க தள்ளுங்க தம்பி.” ஒரு சொட்டு விட்டு, தேய்த்து, காத்திருந்து, மறுபடி ஒரு சொட்டு. நடுவே எந்த ஊர், எத்தனை பேரப்பிள்ளைகள் என்று பேச்சு. இருபது நிமிஷம் இருக்கும். சுரை கழன்றது அம்மாவுக்கே தெரியவில்லை. பஞ்சில் சுற்றி என் கையில் வைத்து, “ஏழு கல்லும் இருக்கு, எண்ணிட்டேன்” என்றார். நூறு ரூபாயை நீட்டினேன். “எந்திரிச்சதும் அம்மாவுக்கு இளநி வாங்கிக் குடுங்க” என்று மாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இது நடந்தது நம் மதுரைப் பெரியாஸ்பத்திரியில், 2024 பிப்ரவரியில் திறந்த புதுக் கட்டடத்தில். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று அதன் பழைய பெயரையே கடைசிவரை சொன்ன என் தாத்தா பார்த்திருந்தால் வாய் பிளந்திருப்பார். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா கொடுத்த கடனில், 313 கோடி ரூபாயில் கட்டியது. கடன்தானே, அடைக்கப்போவது நாம்தான். அடைக்கலாம், எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் கட்டடத்துக்குக் கோடிகள் வருகிற நம் மாநிலத்தில், அரசு மருத்துவமனைகளைத் துடைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிக்குத்தான் இருக்கிறார்கள். அவர்கள் சம்பளம் கேட்டு உட்கார்ந்த செய்திகளைப் படித்துவிட்டுப் புரட்டிப் போனவன் நான். இனி உட்கார்ந்தால் நானும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன்.

இன்று காலை மூக்குத்தியைப் போட்டுவிடப் பார்த்தேன். துளை தூர ஆரம்பித்திருந்தது. “நீ விடு, அந்தப் பிள்ளையக் கூப்பிடு, வலிக்காமப் போடும்” என்கிறார் அம்மா. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. திங்கட்கிழமை தையல் பிரிக்கப் போகும்போது தேடணும்.