ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் மலேரியா வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேரியா ஒழிப்பு குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். கொசு வலையிலிருந்து புதிய தடுப்பூசிகள்வரை பலவற்றையும் நிதானமாக எடுத்துச் சொல்லியிருந்த அக்கட்டுரை, பிறந்து ஆறு மாதம்வரை குழந்தைகளுக்கு மலேரியா குறித்துக் கவலைப்படத் தேவையில்லை என்ற பொருள்பட ஒரே வரியில் அவர்களைக் கடந்து சென்றுவிட்டது. குழந்தைகள் நல மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன்.

கட்டுரையாளர் இல்லாததைச் சொல்லிவிடவில்லை. மலேரியா மிகுந்த பகுதியில் பலமுறை அந்நோய்க்கு ஆளாகி எதிர்ப்பாற்றல் பெற்ற தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு எதிர்ப்புப் புரதங்கள் வந்து சேர்கின்றன. பிறக்கும்போது குழந்தையின் சிவப்பணுக்களில் மிகுந்திருக்கும் கருக்கால ஹீமோகுளோபின், மலேரியா ஒட்டுண்ணி வேகமாகப் பெருகுவதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒட்டுண்ணிக்குத் தேவையான ஒரு சத்து தாய்ப்பாலில் மிகக் குறைவு என்பதும் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் காரணம். ஆனால் இவை எல்லாமே நாள்பட நாள்படக் கரைந்துகொண்டே போகும் பாதுகாப்புகள். தாயின் எதிர்ப்புப் புரதம் மாதக்கணக்கில் குறைகிறது. கருக்கால ஹீமோகுளோபினின் இடத்தை வழக்கமான ஹீமோகுளோபின் பிடித்துக்கொள்கிறது. தாயிடமே எதிர்ப்பாற்றல் இல்லையென்றால் குழந்தைக்கு வந்து சேர எதுவுமில்லை. மலேரியா அரிதாக வரும் பகுதியில் வாழும் தாயின் குழந்தை இந்த விஷயத்தில் இன்னும் நிராதரவானது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. கர்ப்பக் காலத்தில் நஞ்சுக்கொடியிலேயே ஒட்டுண்ணி குடியேறியிருந்தாலும், தாய்க்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தாலும், குழந்தைக்குச் சென்று சேரும் எதிர்ப்புப் புரதத்தின் அளவு குறைந்துவிடுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடையே 3.4 முதல் 18.4 விழுக்காடுவரை தொற்று காணப்பட்டது. இதை அரிது என்று தள்ளிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் மலேரியாவால் உயிரிழந்தவர்கள் ஏறத்தாழ 5,97,000 பேர். ஆப்பிரிக்க வட்டாரத்து இறப்புகளில் நான்கில் மூன்று பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஐந்து வயதுக்குட்பட்டோர் என்ற அந்த ஒரே கட்டத்துக்குள் இருபது நாள் சிசுவும் அடங்குகிறது, ஓடியாடும் நான்கு வயதுப் பிள்ளையும் அடங்குகிறது. தனியே எண்ணப்படாதவர்களுக்காக யாரும் தனியே திட்டமிடுவதில்லை.

பிறவியிலேயே வரும் மலேரியாவைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. கர்ப்பக் காலத்தின் பிற்பகுதியிலோ பிரசவத்தின்போதோ தாயின் ரத்தத்திலிருந்து ஒட்டுண்ணி குழந்தைக்குச் சென்றுவிடலாம். அதற்குக் கொசு கடிக்க வேண்டியதில்லை. அறிகுறிகள் பெரும்பாலும் பிறந்து 10 முதல் 30 நாள்களுக்குள் தலைகாட்டும். அப்போது குழந்தையைப் பார்ப்பவர்களுக்கு மலேரியா நினைவுக்கு வராததில் வியப்பில்லை. விட்டுவிட்டு வரும் குளிரும் நடுக்கமும் பெரியவர்களிடம் காணப்படும் அடையாளங்கள். சிசுவிடம் அவற்றைத் தேடக் கூடாது. குழந்தை பால் குடிக்க மறுக்கும், சிணுங்கிக்கொண்டே இருக்கும் அல்லது துவண்டு கிடக்கும். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளிறியிருக்கும், தோல் மஞ்சள் பூத்திருக்கும், வயிற்றைத் தொட்டால் மண்ணீரலும் கல்லீரலும் கைக்குத் தட்டுப்படும். சில வேளைகளில் காய்ச்சலே இருக்காது. இவை அத்தனையும் பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் பாக்டீரியா ரத்தத் தொற்றின் அறிகுறிகளும்கூட என்பதால், ஆன்டிபயாடிக் ஊசி உடனே தொடங்கப்படுகிறது. அது சரியான முடிவுதான். ஆனால் அதோடு நின்றுவிடுகிறோம். மூன்று நாள் ஊசி போட்டும் குழந்தை தேறாமல் ரத்த அளவு மட்டும் இறங்கிக்கொண்டே போகும்போதுதான், குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கலாமே என்ற யோசனை வருகிறது. தாய்க்குக் கர்ப்பக் காலத்தில் காய்ச்சல் இருந்ததா, மலேரியா உள்ள இடத்துக்குச் சென்றிருந்தாரா என்ற இரண்டு கேள்விகளை முதல் நாளே கேட்டிருந்தால் அந்த மூன்று நாள் வீணாகியிருக்காது.

இனி மருந்துக்கு வருகிறேன். பச்சிளங்குழந்தைகளுக்கு மலேரியா வருவதில்லை என்ற நம்பிக்கை எவ்வளவு பெரிய விலையைக் கேட்டது என்பதை இங்கேதான் தெளிவாகக் காணலாம். ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி வகையால் வரும் கடுமையான மலேரியாவுக்கு உலகெங்கும் பரவலாகத் தரப்படும் ஆர்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் கூட்டு மருந்தில், தண்ணீரில் கரையும் குழந்தைகளுக்கான மாத்திரை 2009-இலேயே வந்துவிட்டது. அதன் அளவு அட்டவணையோ 5 கிலோ எடையில்தான் தொடங்கும். அதற்கும் குறைந்த எடையுள்ள குழந்தைகள் மருந்து ஆய்வுகளில் சேர்க்கப்படவில்லை. வராத நோய்க்கு எதற்கு ஆய்வு என்ற எண்ணம் ஒருபுறம், சிசுக்களிடம் மருந்தைச் சோதிக்கும் தயக்கம் மறுபுறம். 5 கிலோ குழந்தைக்குரிய, எடைக்கேற்ற அதே அளவு விகிதத்தில் கொடுங்கள் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலாக இருந்தது. சொல்வதற்கு எளிது. மூன்றரைக் கிலோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் தாயின் முன்னால், 5 முதல் 15 கிலோவரை உள்ளவர்களுக்கான மாத்திரையை நகத்தால் கிள்ளி உடைத்து, உதிர்ந்த தூளில் எவ்வளவு மருந்து போனது என்று தெரியாமலேயே, மிச்சத்தைக் கரண்டியில் பாலோடு குழைத்துப் புகட்ட வேண்டும். இப்படி மூன்று நாளில் ஆறு வேளை. குழந்தை கக்கிவிட்டால் எவ்வளவு உள்ளே தங்கியது என்று யார் சொல்வது?

அளவு குறைந்தால் நோய் தீராது. கூடினால் வேறு தொல்லை. பிறந்த சில வாரங்களில் கல்லீரலின் நொதிகள் முழு வேலையைத் தொடங்கியிருப்பதில்லை. அதனால் ஆர்டிமீத்தர் போன்ற மருந்து எடைக்கேற்ற அளவில் கொடுக்கப்பட்டாலும் ரத்தத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தேங்கக்கூடும். சிசு என்பது சிறிய அளவில் செய்த பெரிய பிள்ளை அல்ல என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, மாத்திரையை மட்டும் பாதியாக உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

2 கிலோ முதல் 5 கிலோவுக்குள் எடையுள்ள குழந்தைகளுக்கென்றே உருவாக்கப்பட்ட முதல் மலேரியா மருந்துக்கு, 2025 ஜூலையில்தான் சுவிட்சர்லாந்தின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் அளித்தது. நோவார்ட்டிஸ் நிறுவனமும் மலேரியா மருந்துகளுக்கான ஒரு பொதுநல அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய இந்த மருந்து, தாய்ப்பாலிலேயே கரைத்துக் கொடுக்கத் தக்கது. சிசுவின் உடல் மருந்தைக் கையாளும் விதத்துக்கேற்ப ஆர்டிமீத்தர், லூமிஃபான்ட்ரின் ஆகிய இரு மருந்துகளின் விகிதமும் அதில் மாற்றப்பட்டிருக்கிறது. ஆப்பிரிக்காவின் எட்டு நாடுகள் ஒப்புதலுக்கான அந்த மதிப்பீட்டில் பங்கேற்றன. ஆப்பிரிக்காவில் மலேரியா உள்ள பகுதிகளில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3 கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன என்பதையும், கூட்டு மருந்தின் வரலாறு எத்தனை ஆண்டு பழையது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது மிகவும் தாமதமாக வந்த நற்செய்தி என்றே சொல்வேன்.

தடுப்பூசி வந்துவிட்டதே என்று தங்கள் வாசகர்கள் நினைக்கலாம். 2021-இலும் 2023-இலும் பரிந்துரை பெற்ற இரு தடுப்பூசிகளும் ஏறத்தாழ ஐந்தாம் மாதத்திலிருந்தே போடப்படுகின்றன. அதுவரை குழந்தைக்குக் கிடைக்கும் காப்பு பெரும்பாலும் தாயின் வழியாகத்தான்: மருந்து தோய்த்த வலைக்குள் இருவரும் உறங்குவது, நோய் மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து குறைந்தது ஒரு மாத இடைவெளியில் மூன்று முறையாவது தரப்படும் தடுப்பு மாத்திரை, கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் தாமதிக்காத ரத்தப் பரிசோதனை.

இக்கடிதத்தை வெளியிட இடமிருந்தால், வைவாக்ஸ் என்ற வேறொரு ஒட்டுண்ணி வகையால் வரும் மலேரியாவைப் பற்றி ஒன்றையும் சேர்த்து வெளியிடுங்கள். கல்லீரலில் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியை அழிக்க அந்நோய்க்குத் தரப்படும் பிரைமாகுவின், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாத மருந்து. அவ்வயதுக் குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கும் அது பொதுவாகத் தரப்படுவதில்லை. தாயின் ரத்தத்திலிருந்து நேரடியாக நோய் பெற்ற சிசுவின் கல்லீரலில் அந்த ஒட்டுண்ணி ஒளிந்திருப்பதும் இல்லை. வீட்டில் பெரியவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையில் ஒரு துண்டைக் குழந்தைக்கும் கொடுக்கலாமா என்று கேட்கும் குடும்பங்கள் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர்