காற்றுத் தொட்டிக்கு அனுமதி கொடுக்க முதல்

எங்கள் பிரதேச சபைத் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேர், வழமையான மலக்குழிக்குப் பதிலாகக் காற்றூட்டும் தொட்டி வைக்க உங்களிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். நான் அதற்கு எதிரி இல்லை. இரண்டு பரப்புக் காணிக்குள் வீடு, கிணறு, குழி மூன்றும் என்றால் வேறு என்னதான் செய்வது? பக்கத்து வளவுக் குழியிலிருந்து என் கிணறு பதினெட்டு எட்டு. எட்டு வைத்து நடந்தே அளந்தேன். கொஞ்சம் தோண்டினாலே கல் தட்டுகிற இடம் இது. வெடிப்பும் பொந்துமான அந்தச் சுண்ணாம்புக்கல், குழித் தண்ணீரை வடிகட்டாமலே கீழே விட்டுவிடும்.

காற்றுத் தொட்டி அப்படி விடாது. முதல் அறையில் கட்டி கீழே தங்கும். அடுத்த அறையில் சின்ன மோட்டர் ஒன்று இராப்பகலாகக் காற்றை ஊத, ஒட்சிசனில் வாழும் பக்டீரியா கழிவைத் தின்னும். பிறகு சேறு அடியில் படிய, தெளிந்த தண்ணீர் குளோரின் பட்டு வெளியே வரும். தென்னைக்கு விடலாம், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

ஆனால் அந்த மோட்டர் நின்றால் எல்லாம் நின்றுவிடும். என் சின்னம்மா வீட்டுத் தொட்டி கனடாவிலிருக்கும் மகன் காசில் வைத்தது. சின்னம்மா கரண்ட் பில்லைப் பார்த்துப் பயந்து, "சும்மா கிடந்து இரையுது" என்று ஸ்விட்சை நிறுத்திவிட்டார். சில நாளில் முற்றத்தில் நிற்க முடியாத மணம். பூட்டிக் கொடுத்தவர்கள் தொலைபேசியை எடுக்கவே இல்லை. மூடியைத் திறந்தால் தண்ணீர் கறுப்பு. ஒரு வருடமாக அவர் வைத்திருந்தது விலைகூடிய மலக்குழிதான்.

இன்னொன்று, விற்கிறவர்கள் சொல்லாதது. காற்றூட்டினால் கழிவிலுள்ள அமோனியா, தண்ணீரில் கரைந்து நிற்கும் நைத்திரேற்று என்ற உப்பாக மாறும், அவ்வளவுதான். அதைக் குளோரின் அழிக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது. குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடினால் அந்தத் தண்ணீரில் கரைத்த பால்மாக் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து. தோட்டத்து யூரியாவிலிருந்து வரும் நைத்திரேற்றால் ஏற்கெனவே தவிக்கிற கிணறுகள் எங்களுடையவை. காற்றை இடையிடையே நிறுத்தி ஓட்டும் வகைத் தொட்டியென்றால், ஒட்சிசன் இல்லாத நேரத்தில் வேறு பக்டீரியா நைத்திரேற்றை வெறும் வாயுவாக்கி அனுப்பிவிடும். (சின்னம்மா செய்தது அதுவல்ல. அந்த வகைத் தொட்டியின் நிறுத்தம் மணிக்கணக்கு, சின்னம்மாவுடையது மாதக்கணக்கு.)

ஆகவே, கட்டட வரைபடத்தில் தொட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்து வைக்காதீர்கள். நைத்திரேற்றைக் குறைக்கும் வகையா என்று கேளுங்கள். பராமரிப்புக்கு யார் வருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது வெளிவரும் தண்ணீரைப் பரிசோதிக்கச் சுகாதாரப் பரிசோதகரை அனுப்புங்கள். அப்புறம், தொட்டிச் சேற்றை உறிஞ்சி எடுக்கும் பவுசர் வண்டி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதையும் அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பதினெட்டு எட்டில் கிணறு வைத்திருப்பவன்