வாத்தியம் செய்யும்போதே வாசிப்பவரையும் கூப்பிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் 31 வருடங்களாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். மாடியில் குடியிருக்கும் பொறியியல் மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு தானே செய்த டிஜிட்டல் வாத்தியம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்கிய அழுத்த சென்சார்கள், அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டு ஒன்று, தேக்குப் பலகை. "டீச்சர், வீணை மாதிரியே வாசிக்கலாம், பாருங்க" என்றார்.

தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தைப் பிடித்துப் பார்த்தேன். வரவில்லை. வீணையில் ரிஷப மெட்டில், அதாவது தந்திக்கு அடியில் ரிஷபத்துக்கான பித்தளைக் கட்டையில், விரலை வைத்துத் தந்தியை இழுத்தே மத்திமத்தைத் தொட்டு வருவோம். அந்த அசைவு இல்லாவிட்டால் தோடியே இல்லை. அவருடைய பலகையிலோ எவ்வளவு அழுத்தினாலும் சுருதி இரண்டு மெட்டு தூரத்துக்கு மேல் ஏறவில்லை. அது அவர் தப்பில்லை. வாத்தியங்களும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி முறை 1983இல் கீபோர்டை மனத்தில் வைத்து வந்தது. சுருதியை வளைக்கும் அளவு பெரும்பாலும் இரண்டு மெட்டு என்றே முன்கூட்டி அமைத்திருப்பார்கள். நமக்கு ரிஷபத்திலிருந்து மத்திமத்துக்கு நான்கு மெட்டு வேண்டும். ஓர் எண்ணை மாற்றினால் போதும். அதைச் சொல்லத்தான் அவர் பக்கத்தில் யாருமில்லை.

அப்புறம் ஆறு மாதம் ஞாயிறுதோறும் சேர்ந்து உட்கார்ந்தோம். அழுத்துவதற்குப் பதில் பக்கவாட்டில் இழுக்கும்படி மாற்றச் சொன்னேன். வீணைத் தந்தியையே பலகையில் கட்டிவிட்டார்! விரல் பட்டதும் பத்து மில்லி விநாடிக்குள் ஒலி வர வேண்டும் என்று அவர் படித்திருந்தார். எனக்குக் கணக்குத் தெரியாது, ராகத்தைத் துள்ளல் நடையில் விரிக்கும் தானத்தில் விரல் இடறுவது தெரியும். எங்கே இடறுகிறது என்று நான் சொல்வேன், அவர் நிரலைத் திருத்துவார்.

ஒரு சபாவில் வாய்ப்புக் கேட்டோம். "இது கச்சேரி வாத்தியம் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். மனசு வலித்தது. மின்னணுத் தம்புராவுக்கு வழிகாட்டிய ராஜ் நாராயண் இதே பெங்களூரில்தான் தொழில் நடத்தினார். எஞ்சினியர், புல்லாங்குழலும் வாசித்தவர். கேட்கும் காதும் செய்யும் கையும் அவர் ஒருவரிடமே இருந்தன. எல்லாருக்கும் அப்படி அமையாது. அதனால்தான் இரண்டு பேர் சேர வேண்டியிருக்கிறது.

வாத்தியம் செய்யும் இளைஞர்களே, சாலிடரிங் முடிந்த பிறகு வராதீர்கள். பலகை அறுக்கும்போதே வாசிப்பவரைக் கூப்பிடுங்கள். ராமநவமிக் கச்சேரி நடத்தும் சபாக்கள், மாலைக் கச்சேரிக்கு முன் அரை மணி நேரம் இப்படிப்பட்ட வாத்தியங்களுக்குத் தர வேண்டும். நான் வாசிக்க, அவர் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஒலியைக் கவனிப்பார். தோடி தயார். மிருதங்கத்துக்கும் ஆள் சொல்லி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வீணை ஆசிரியை,
அல்சூர், பெங்களூரு