குழந்தைக்குக் கொடுக்கிற அளவை நாய்க்கும் கொடுக்கலாமா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் மருந்துக்கடையில் அடிக்கடி வருகிற கேள்வி ஒன்று உண்டு. “நாய்க்கு உடம்பு கொதிக்குது. பாரசிட்டமால் அரை மாத்திரை போடலாமா? சின்னக் குழந்தை எடைதான் இருக்கும்.” கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் அளவு சொல்ல மாட்டோம் என்று நாங்கள் மறுக்கிறோம். உதவி கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புகிறோமே என்று சிலருக்கு மனவருத்தம். வரிசையில் ஆள் நிற்கும்போது காரணத்தை விளக்கிச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அந்த ‘உடம்பு கொதிக்குது’ என்பதைப் பார்ப்போம். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நம் உள்ளங்கைக்கு அது காய்ச்சலாகத்தான் தெரியும். மூக்கு காய்ந்திருப்பதும் காய்ச்சலுக்கு அடையாளம் இல்லை. காய்ச்சலே இல்லாத நாய்க்கு மாத்திரை போட்டு, அந்த மாத்திரையாலேயே அது படுத்துவிட்டால் எவ்வளவு கொடுமை!

ஒருநாள் இரவு கடை அடைக்கிற நேரத்தில் ஒரு பெண்மணி வந்தார். கையில் பாரசிட்டமால் 650 அட்டை, அதில் இரண்டு குழி காலி. நாய் காலை நொண்டியதென்று காலையில் ஒன்று, மதியம் ஒன்று கொடுத்திருக்கிறார். நாயின் எடை ஆறு கிலோ. “சாயங்காலத்திலிருந்து மூச்சு வாங்குது, முகம் உப்பிப்போச்சு” என்று கைப்பேசியில் படம் காட்டினார். உதட்டைத் தூக்கி எடுத்த படம். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு, பழைய இரத்தக்கறை மாதிரி பழுப்பாக இருந்தது. வேறெதுவும் கேட்காமல், அட்டையோடு உடனே கால்நடை மருத்துவமனைக்கு அனுப்பினோம். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து ஏற்றி, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டது. அவர் அன்று அழுத அழுகையை எங்களால் மறக்க முடியவில்லை. அன்பினால் கொடுத்த மாத்திரை அது.

உள்ளே நடந்தது இதுதான். பாரசிட்டமால் உடைகிறபோது கொஞ்சம் நச்சுப்பொருள் உண்டாகும். அதை அடக்கும் இருப்பு கல்லீரலில் ஓரளவுக்குத்தான் உண்டு. அது தீர்ந்ததும் கல்லீரல் வெந்துபோகிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபினும் கெட்டு, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு பழுப்பாவது அதனால்தான். நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிகிராம் வாக்கில் கல்லீரல் அடிபடலாம். 200ஐத் தாண்டினால் இரத்தமும் கெடும். ஆறு கிலோ நாய்க்கு 650 மாத்திரை ஒன்றே முதல் கோட்டைத் தாண்டிவிடும். (பூனை வளர்ப்பவர்கள் பாரசிட்டமாலை நினைக்கவே கூடாது. ஒரே மாத்திரை உயிரைக் குடிக்கும்.)

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரைகள் வேறு வழியில் கெடுக்கின்றன. வலியைத் தூண்டுகிற அதே வகைப் பொருள்கள்தான் இரைப்பையின் உட்சுவரையும் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்த ஓட்டத்தையும் காக்கின்றன. மாத்திரை இரண்டையும் சேர்த்தே அடைத்துவிடும். நாப்ராக்சனின் பாதி மனித உடம்பிலிருந்து வெளியேற 12 முதல் 17 மணி நேரம் ஆகும்; நாயின் உடம்பிலிருந்து வெளியேற சுமார் 74 மணி நேரம். நேற்றைய மாத்திரை இன்னும் உள்ளே இருக்க, இன்றையதும் சேர்ந்துகொள்கிறது. கறுப்பாக, தார் போல மலம் போனால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள்.

“எடைக்குத் தகுந்தபடி குறைத்துக் கொடுத்தால்?” என்பது அடுத்த கேள்வி. இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தப்பும். தைராய்டு குறைந்த பத்துக் கிலோ நாய்க்கு மருத்துவர் எழுதுகிற தைராக்சின், வளர்ந்த மனிதர் சாப்பிடுகிற அளவைவிடக் கூடுதலாகவே இருக்கும். மருத்துவர் தவறாக எழுதிவிட்டார் என்று நினைத்துத் தாங்களே பாதியாக்கியவர்கள் உண்டு. மெலாக்சிகாம் என்ற வலி மருந்து நேர்மாறு. நாய்க்கும் அதே மருந்தை எழுதுவார்கள், ஆனால் ஐந்து கிலோ நாய்க்கு நாளுக்கு அரை மில்லிகிராம் போதும். மனிதருக்கான மாத்திரை 7.5, 15 மில்லிகிராமில் வருகிறது. அதைக் கத்தியால் எத்தனை துண்டு போடுவீர்கள்? செடிரிசின், அமாக்சிசிலின், பிரெட்னிசலோன் ஆகியவற்றையும் கால்நடை மருத்துவர்கள் எழுதுகிறார்கள். மனித மருந்து எல்லாமே விஷம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எது, எவ்வளவு, கூட எது சேரக்கூடாது என்பதை நாயைத் தொட்டுப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். பிரெட்னிசலோன் எடுக்கிற நாய்க்கு வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பையில் புண் வரும்.

நீங்கள் கொடுக்காமலே நாய் எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆஸ்துமா இன்ஹேலரைக் கடித்து ஓட்டை போட்டால் ஏராளமான மருந்து ஒரே மூச்சில் உள்ளே போய் இதயம் தறிகெட்டு அடிக்கும். சர்க்கரை சேர்க்காத சிரப்புகளில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். நாயின் உடம்பில் அது இன்சுலினைக் கொட்டவைத்து, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரத்தச் சர்க்கரையைச் சரியவைத்துவிடும்.

தவறி விழுங்கிவிட்டால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் சில மணி நேரம்தான் மருத்துவருக்குக் கிடைக்கிற நல்ல வாய்ப்பு. உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும். அட்டையை எடுத்துக்கொண்டு, எத்தனை குறைகிறது, எப்போது விழுங்கியது, நாய் எத்தனை கிலோ என்று போகிற வழியிலேயே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

கடையில் மருந்து கேட்கும்போது நாய்க்கு என்றால் நாய்க்கு என்றே சொல்லுங்கள். மறுத்துவிடுவோமோ என்று பயந்து “எனக்குத்தான்” என்று வாங்கிப் போனால், எச்சரிக்கிற வாய்ப்பும் எங்களுக்கு இல்லாமல் போகிறது. சீட்டில் அளவு புரியவில்லை என்றால் நாங்களே மருத்துவரை அழைத்துக் கேட்டுவிட்டுத் தருவோம். இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு உறையின் மேலும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறோம். மாத்திரை தீரும்வரை அந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருந்துக்கடையினர்