மார்பரிக்கு முன்னால் ஹில்டன்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்று நீதிமன்றம் ஆராயும் நீதிப்புனராய்வு எங்கே தொடங்கியது என்று கேட்டால், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எவரும் யோசிக்காமல் சொல்லும் விடை ‘மார்பரி எதிர் மேடிசன், 1803’. வழிகாட்டி நூல்களும் நாளிதழ்க் கட்டுரைகளும் இதையே எழுதுகின்றன. இது பாதி உண்மை. 1803 பிப்ரவரி 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1789ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு செல்லாது என்றது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டப் பிரிவு ஒன்று அங்கே அடிபட்டது அதுவே முதல்முறை. ஆனால் காங்கிரஸின் சட்டத்தை அரசியலமைப்போடு உரசிப் பார்க்கும் வேலையை அதே நீதிமன்றம் ஏழு ஆண்டுகள் முன்பே செய்துவிட்டது. அது ‘ஹில்டன் எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள்’ வழக்கு. அதை அங்கே கொண்டுபோனவர் வர்ஜீனியா வணிகர் டேனியல் ஹில்டன். அவர் பெயர் நம் பாடங்களில் வருவதே இல்லை.

1794 ஜூன் 5இல் வந்த சட்டம் ஆள் ஏறிச் செல்லும் வண்டிகளுக்கு ஆண்டு வரி விதித்தது. கோச்சு வண்டிக்கு 10 டாலர், சாரட்டுக்கு 8 டாலர். அப்போது கருவூலச் செயலாளர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன். பிரதிநிதிகள் சபையில் இருந்த ஜேம்ஸ் மேடிசன், இது அரசியலமைப்புக்கு விரோதம் என்று எதிர்த்தார். ஹில்டன் தம் வண்டியைப் பதிவு செய்யவும் மறுத்தார், வரி கட்டவும் மறுத்தார்.

தகராறின் மையம் ஒரு கணக்கு. அமெரிக்க அரசியலமைப்பின்படி தீர்வைகளும் சுங்கமும் நாடெங்கும் ஒரே விகிதத்தில் இருந்தால் போதும். நேரடி வரியை மட்டும் மாநிலங்களின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கிட வேண்டும். வண்டி வரி நேரடி வரி என்றால் வண்டிக்கு 8 டாலர் என்று நாடெங்கும் ஒரே விகிதத்தில் விதித்த சட்டமே செல்லாது. பங்கிட்டால் என்ன ஆகும்? சம மக்கள்தொகை கொண்ட இரு மாநிலங்கள் ஆளுக்கு 8,000 டாலர் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 1,000 வண்டிகள், மற்றதில் 100. முதல் மாநிலத்தில் வண்டிக்கு 8 டாலர், இரண்டாவதில் 80. அதே வண்டிக்குப் பத்து மடங்கு வரி. நீதிபதி சாமுவேல் சேஸ் தம் தீர்ப்பில் இந்த வகைக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினார். மக்கள்தொகையால் பங்கிட்டால் அநியாயமாகிவிடும் வரியை நேரடி வரி என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம்.

இனி, பலரும் தவறாகப் படிக்கும் இடம். வழக்குப் பதிவில் ஹில்டனிடம் 125 சாரட்டுகள் இருந்தன, அத்தனையும் சொந்த உபயோகத்துக்கு, வாடகைக்கு அல்ல என்று இருக்கிறது. இதை நம்பி அவரைப் பெருங்கோடீஸ்வரர் என்றோ வண்டி வியாபாரி என்றோ எழுதிவிடுகிறார்கள். அந்த எண், இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதிய கற்பனை. சர்க்யூட் நீதிமன்றம் என்ற கீழ் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போக வேண்டுமானால் வழக்கு மதிப்பு 2,000 டாலரைத் தாண்ட வேண்டும் என்றது 1789ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. ஒரு சாரட்டுக்கு வரி 8, அபராதம் 8, ஆக 16 டாலர். 125ஆல் பெருக்கினால் 2,000. தோற்றால் 2,000 டாலருக்குத் தீர்ப்பு, ஆனால் 16 டாலர் கட்டினால் கடன் தீர்ந்தது என்பதும் அதே ஒப்புதலில் எழுதப்பட்டிருக்கிறது. சட்டம் கேட்டது 2,000க்கு மேல், பெருக்கி வந்ததோ சரியாக 2,000. அதைப்பற்றித் தீர்ப்பறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. நம் அரசியலமைப்பின் 133ஆம் உறுப்பிலும் உரிமையியல் மேல்முறையீட்டுக்கு 20,000 ரூபாய் என்ற வரம்பு இருந்ததும், 1972ஆம் ஆண்டின் 30ஆவது திருத்தம் அதை எடுத்ததும் சட்டம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அரசியலமைப்புக் கேள்வி எழுந்தால் 132ஆம் உறுப்பின் வழியாகப் பண வரம்பின்றியே போகலாம் என்று நம்மவர்கள் தொடக்கத்திலேயே தனி வாசல் வைத்தார்கள். ஹில்டனுக்கு அந்த வாசல் இல்லை.

சர்க்யூட் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். முடிவு வராவிட்டால் மேலே போக வழியில்லை. எனவே தமக்கு எதிரான தீர்ப்புக்கு ஹில்டனே ஒப்புதல் கொடுத்தார். இரு தரப்பு வழக்கறிஞர்களின் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்றது. இன்றைக்கு இப்படி ஒரு வழக்கு வந்தால் இரு தரப்பும் பேசிவைத்துக்கொண்டு போட்ட வழக்கு என்று முதல் நாளே தள்ளுபடி ஆகும்.

1796 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் விசாரணை. பதவி விலகியிருந்த ஹாமில்டன் அரசுக்காக ஏறத்தாழ மூன்று மணி நேரம் வாதிட்டார். மார்ச் 8இல் தீர்ப்பு. தலைமை நீதிபதி எல்ஸ்வொர்த் அன்று காலையில்தான் பதவியேற்றார், வாதத்தைக் கேட்காததால் விலகி நின்றார். நீதிபதி குஷிங் நோயுற்றிருந்தார். சேஸ், பேட்டர்சன், ஐர்டெல் மூவரும் தனித்தனியே எழுதி ஒரே முடிவுக்கு வந்தார்கள்: வரி செல்லும். சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டா என்பதை இப்போது முடிவு செய்யத் தேவையில்லை, இருந்தாலும் மிகத் தெளிவான வழக்கில் தவிர அதைப் பயன்படுத்த மாட்டேன் என்று சேஸ் எழுதினார். ஆராய்ந்து ‘செல்லும்’ என்பதும் புனராய்வுதானே. செல்லாது என்றால்தான் கணக்கில் சேர்ப்போம் என்றால், நம் உச்ச நீதிமன்றம் 1951இல் சங்கரி பிரசாத் வழக்கில் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தை ஆராய்ந்து செல்லும் என்றதையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

இதைவிட வியப்பானது முந்தைய நாள். மார்ச் 7 அன்று அதே நீதிமன்றம் ‘வேர் எதிர் ஹில்டன்’ வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஹில்டன்தான். பிரிட்டிஷ் வணிகருக்கு 1774இல் எழுதிக்கொடுத்த கடன் பத்திரம் அது. வர்ஜீனியாவின் 1777ஆம் ஆண்டுச் சட்டப்படி 1780இல் மாநிலக் கடன் அலுவலகத்தில் 3,111 டாலர் சொச்சம் கட்டிவிட்டேன், அந்த அளவுக்குக் கடன் தீர்ந்தது என்றார் ஹில்டன். கடன் வசூலுக்குச் சட்டத் தடை இருக்கலாகாது என்று பிரிட்டனோடு செய்துகொண்ட 1783 பாரிஸ் உடன்படிக்கையே மேல் என்று நீதிமன்றம் மாநிலச் சட்டத்தை ஒதுக்கியது. அங்கே ஹில்டன் தரப்பில் வாதாடியவர் ஜான் மார்ஷல். அரசியலமைப்பு வெளிப்படையாக அதிகாரம் தராதவரை, ஒரு சட்டம் செல்லுமா என்று கேட்க நீதிமன்றத்துக்கு உரிமை இல்லை என்பது அவர் வைத்த வாதங்களில் ஒன்று. 1803இல் மார்பரி தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதியும் அவரே. கட்சிக்காரருக்காகப் பேசியதை அவர் சொந்தக் கருத்தாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் அந்த வாதத்துக்கான விடையை அவர் கையாலேயே எழுத நேர்ந்தது.

இதற்கும் முன்னால் 1792இல் ஹேபர்ன் என்ற முன்னாள் போர்வீரரின் ஓய்வூதிய மனு வந்தது. அந்த ஓய்வூதியச் சட்டப்படி வேலை செய்ய சர்க்யூட் நீதிபதிகள் மறுத்தார்கள். காங்கிரஸ் சட்டத்தை மாற்றிவிட்டதால் உச்ச நீதிமன்றத்துக்கு முடிவு சொல்லும் தேவை எழவில்லை. ஆகவே முதலிடம் ஹில்டனுக்கே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘நீதித்துறை சீராய்வு’ என்று நாளிதழ்கள் எழுதும்போது, தீர்ப்பை அதே நீதிமன்றம் மறுபடி பார்க்கும் சீராய்வு மனுவோடு வாசகர் குழப்பிக்கொள்கிறார். பாடநூல்களில் உள்ள ‘நீதிப்புனராய்வு’ என்ற சொல்லையே தாங்களும் கையாண்டால் நல்லது.

வினாத்தாள் அமைப்போருக்கு: ‘காங்கிரஸின் சட்டப் பிரிவு முதன்முதலில் செல்லாததாக்கப்பட்ட வழக்கு எது?’ என்று கேளுங்கள், மார்பரி என்பது பிழையற்ற விடை. ‘காங்கிரஸ் சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்று உச்ச நீதிமன்றம் முதன்முதலில் ஆராய்ந்து தீர்ப்பளித்த வழக்கு எது?’ என்று கேட்டால் ஹில்டன் எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள், 1796. ‘நீதிப்புனராய்வு தோன்றிய வழக்கு எது?’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
சட்ட ஆசிரியர் ஒருவர்,
திருச்சி