முதல் நாள் முப்பது பெல்லட் போதும்

மதுரை

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுவது. பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவதாக அப்பாவிடம் சொன்னாயாம். நிலாவும் கவினும் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள், மாப்பிள்ளை ஏர் ரைபிளுக்கு விலைகூடக் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு.

துப்பாக்கி இப்போதைக்கு வாங்க வேண்டாம். நான் பணத்துக்காகச் சொல்லவில்லை. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. அது நிஜம். ஆனால் லைசென்ஸ் வேண்டாம் என்றதுமே அதை விளையாட்டுச் சாமான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதன் பெல்லட், அந்தச் சின்ன ஈயக் குண்டு, பட்டால் ஒரு கண் போய்விடும். அந்த ஆபத்து லைசென்ஸைப் பார்த்து வருவதில்லை. நம் வீட்டு மாடியில் சுட இடமும் கிடையாது. கைப்பிடிச் சுவரில் பட்ட பெல்லட் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுவரைத் தாண்டினால் சில நூறு மீட்டர் போகும், அங்கே யார் வீட்டுக் கொல்லையோ.

கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது குழலை மடித்து ஸ்பிரிங் ஏற்றும் ரகமாகத்தான் இருக்கும். மடித்த நிலையில் பெல்லட் வைக்கும்போது ட்ரிகர் தட்டிவிட்டால் குழல் அறைந்து மூடும், விரல் நசுங்கும். பெரியவர்களே ஒரு கையால் குழலை இறுகப் பிடித்துக்கொண்டுதான் பெல்லட் வைக்க வேண்டும். கவினுக்கு அதை மடிக்கவே பலம் போதாது. பெல்லட் இல்லாமல் சும்மா சுட்டுப் பார்த்தால் உள்ளே பிஸ்டன் காற்றுத் தடையின்றிப் போய் மோதி ஸ்பிரிங்கும் சீலும் கெடும். ட்ரிகரும் கனம். அதில் பழகிய பிள்ளை வெடுக்கென்று இழுக்கக் கற்றுக்கொள்ளும், பிறகு அதை மறக்கடிக்க மாதக்கணக்காகும். இங்கே ரைபிள் கிளப்பில் அழுத்தக் காற்றுச் சிலிண்டர் வைத்த மேட்ச் ரைபிள், அதாவது போட்டி ரைபிள், இருக்கிறது. ஆறு மாதம் அதில் சுடட்டும். அப்புறமும் ஆசை குறையாவிட்டால் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர்ப்பக்கம் ஏர்கன் கைக்கு வந்தால் கண் பறவை மேல்தான் போகும். அழகர்மலைப் பக்கம் காலையில் மயில் ரோட்டிலேயே நிற்கும். அரிட்டாபட்டிக் குன்றுகளை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்ததற்கு அங்குள்ள வல்லூறு, கழுகு இனங்களும் ஒரு காரணம். பறவையைச் சுடுவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் பிள்ளைகள் இலக்கு அட்டையைத் தவிர வேறெதையும் சுடும் எண்ணமே இல்லாமல் வளர வேண்டும். அதற்கு ரேஞ்சுதான் சரியான இடம்.

முதல் நாள் முதல் அரை மணி நேரம் ஒரு பெல்லட்கூடச் சுட மாட்டார்கள். இதை இப்போதே சொல்லி வை, வந்த இடத்தில் முகம் வாடக் கூடாது. அந்த அரை மணியில் குழலின் வாய் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும் என்ற ஒரே பழக்கத்தைத்தான் பிடிக்கச் சொல்வேன். பின்னால் யாராவது "கவின்!" என்று கூப்பிட்டால் பிள்ளை உடம்போடு திரும்பும், கையில் இருப்பதும் கூடவே திரும்பும். ரேஞ்சில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன. ஆகவே லேனில், அதாவது சுடும் இடத்தில், நிற்கும் பிள்ளையை நீயோ மாப்பிள்ளையோ பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடவே கூடாது. போட்டோவுக்குத் திரும்பச் சொல்வது அதைவிட மோசம். பேச வேண்டும் என்றால் துப்பாக்கி மேசையில் இறங்கும்வரை பொறு.

இரண்டாவது, விரல். குறி வைத்துத் தயாரான பிறகுதான் ஆள்காட்டி விரல் ட்ரிகருக்குள் போகும். மற்ற நேரமெல்லாம் பக்கவாட்டில் நீட்டியே இருக்கட்டும். மூன்றாவது, கட்டளை. லோட் என்றால்தான் பெல்லட் வைக்க வேண்டும், ஸ்டார்ட் என்றால்தான் சுட வேண்டும், ஸ்டாப் என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். பாதி அழுத்திய ட்ரிகராக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். அன்லோட் ஆனதும் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நீள நைலான் இழையைக் குழல் முழுக்க நுழைத்து இரண்டு பக்கமும் தெரியும்படி விடுவார்கள். இழை தெரிந்தால் உள்ளே பெல்லட் இல்லை என்று தூரத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியும். ஒருவர் அட்டை மாற்றச் சுடும் கோட்டைத் தாண்டி முன்னால் போனால் மற்றவர்கள் யாரும் துப்பாக்கியைத் தொடவே கூடாது.

சுடும்போது ஏதாவது சிக்கினால், சத்தம் வந்து அட்டையில் ஓட்டை விழாவிட்டால், துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்காமல் வாய் முன்னால் இருக்கும்படியே இறக்கிவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகி நிமிடங்கள் வீணாயின, இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. அதே பெண் 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கி வந்தாள். நிலாவுக்கு இதைச் சொல். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஏர் ரைபிளில் நின்றதையும் சேர்த்துச் சொல். நம் ஊர்ப் பெண் பேரைக் கேட்டால் பிள்ளைக்கு ஒரு தெம்பு.

சரி, இனிச் சுடுவதைப் பற்றி. ரைபிள் அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. வளையத்துக்கு வளையம் 2.5 மில்லிமீட்டர், கறுப்பு மொத்தமும் 30.5 மில்லிமீட்டர், தூரம் 10 மீட்டர். பெல்லட்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே மேல் மதிப்புக் கிடைக்கும் என்பதால், பெல்லட்டின் நடு, புள்ளியின் நடுவிலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் பத்து. இதைத் துப்பாக்கிப் பக்கம் கொண்டுவந்து பார். குறி பார்க்கும் பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் 80 சென்டிமீட்டர் இடைவெளி என்று வை. முன் நுனி 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தாலே பத்து ஒன்பதாகிவிடும். இரண்டு தாள் கனம்தான் அது! கை பலத்தால் அவ்வளவு அசையாமல் யாரும் நிற்க முடியாது. எலும்பின் மேல்தான் நிற்க வேண்டும்.

வலக்கைக்காரர் என்றால் இடது தோள் இலக்குப் பக்கம், பாதங்கள் தோள் அகலம், இடுப்பைச் சற்று முன்னால் தள்ளி, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்ற வேண்டும். ரைபிளின் கனம் அந்த எலும்பு வழியாகக் காலுக்கு இறங்கும். புஜத்தால் தூக்கினால் ஐந்தாவது ஷாட்டில் நடுக்கம் வந்துவிடும். நின்ற பிறகு கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பார்க்கச் சொல். குறி இலக்குக்குப் பக்கத்தில் விலகி நின்றால் கையால் இழுத்து வரக் கூடாது, பாதத்தை நகர்த்த வேண்டும். கையால் இழுத்தால் ட்ரிகர் விடும் நேரத்தில் உடம்பு தன் இடத்துக்கே திரும்பிவிடும், பெல்லட்டும் அந்தப் பக்கம் போகும்.

மேட்ச் ரைபிள் நான்கு, ஐந்து கிலோ இருக்கும். பன்னிரண்டு வயது நிலா ஸ்டாண்டில் முன்பகுதியைத் தாங்கி நின்று சுடலாம். கவினுக்கு ஒன்பதுதான், அவன் ஸ்டூலில் உட்கார்ந்து மேசை மேல் மணல் பையில் வைத்தே சுடட்டும். நின்று சுட வேண்டும் என்று அடம்பிடிப்பான், விடாதே. வளரும் முதுகு வளைந்து பழகிவிடும். பிஸ்டல் ஒரு கிலோவாவது இருக்கும். நீட்டிய கையில் அதைப் பிடிக்கும் மணிக்கட்டு அவனுக்கு இன்னும் வரவில்லை.

மூச்சை இழுத்து, பாதி விட்டு, அப்படியே நிறுத்தி, ஆறிலிருந்து எட்டு நொடிக்குள் சுட வேண்டும். அதைத் தாண்டினால் பார்வை மங்கும், இதயத் துடிப்பு குறியில் தெரியும். அப்போது சுடாமல் இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். பிள்ளைகள் செய்யவே மாட்டேன் என்பது இதைத்தான். ஏற்றியாயிற்று, சுட்டுவிடுவோம் என்று நினைப்பார்கள். முதல் நாள் கவின் ஒரே ஒரு ஷாட்டையாவது தானாக இறக்கினால் அதற்குத்தான் கை தட்டு, பத்துக்கு அல்ல.

ட்ரிகரில் விரலின் முதல் கணுவின் சதை மட்டும் படட்டும். முதல் கட்டம் லேசாக வரும், தடுக்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து நேர் பின்னால் மெல்ல அழுத்தம் கூட வேண்டும். வெடித்த பிறகும் இரண்டு நொடி அப்படியே குறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெல்லட் நொடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் வேகத்தில் போகிறது. ட்ரிகர் விட்ட பிறகும் அது குழலுக்குள்ளே ஓடும் நேரம் ஒன்று உண்டு. எங்கே பட்டது என்று பார்க்கத் தலை தூக்கும் பிள்ளைக்குக் குழலும் கூடவே அசைகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவின் கடைசி ஷாட் 10.8. அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டு, சுட்ட பின் அவர் நிற்கும் நிலையைப் பார்க்கச் சொல்.

அட்டையைப் படிக்கும்போது கூட்டுத் தொகையைப் பார்க்காதே. ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் அது ஓரத்தில் இருந்தாலும் நல்ல குரூப். சைட்டைத் திருகினால் நடுவுக்கு வந்துவிடும். குரூப் இடப்பக்கம் விழுந்தால் பின் சைட்டை வலப்பக்கம் நகர்த்த வேண்டும், அதையும் ஐந்து ஷாட்டுக்கு முன் தொடக் கூடாது. ஓட்டைகள் மேலும் கீழுமாக வரிசையில் விழுந்தால் மூச்சு நிறுத்துவது ஒரே மாதிரி இல்லை. பக்கவாட்டில் பரவினால் பாதம் சரியில்லை. பிஸ்டலில் வலக்கைக்காரருக்குக் கீழே இடப்பக்கம் விழுந்துகொண்டே இருந்தால் ட்ரிகரோடு மொத்தக் கையையும் இறுக்குகிறார் என்று அர்த்தம். பிஸ்டலில் கண் முன் சைட்டில் நிற்க வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிவதுதான் சரி. அக்கா தம்பிக்குள் போட்டி வேண்டாம், அவரவர் அட்டையை அவரவர் போன வார அட்டையோடு வைத்துப் பார்க்கட்டும்.

பெல்லட் ஈயம். வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் சில பெரியவர்களிடம் உண்டு, பிள்ளைகள் அதைப் பார்த்துச் செய்யும். கூடவே கூடாது. லேனில் முறுக்கு, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம். தண்ணீர் வெளியே வந்து குடிக்கட்டும், வெயில் காலத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கட்டாயம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவிய பிறகுதான் ஜிகர்தண்டா. சுட்ட உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும் உண்டு, பின்னால் நின்று பார்க்கும் உனக்கும்தான். நிலா போடும் பவர் கண்ணாடியில் ஃபிரேம் பெரிதாக இருப்பதைக் கொண்டு வா. ரைபிளில் கன்னத்தைச் சாய்த்துப் பார்க்கும்போது கண்ணாடியின் உள்மூலை வழியாகத்தான் பார்வை போகும், சின்ன ஃபிரேம் விளிம்பு குறுக்கே நிற்கும்.

மாப்பிள்ளைக்கு ஒரு சங்கதி. அவருக்கு மெஷின் பற்றிய ஆர்வம் அதிகம், சிலிண்டரைத் தொடுவார். 30 டிகிரியில் 200 பார் (காற்றழுத்த அளவு) ஏற்றிய சிலிண்டரை நம் ஊர் சித்திரை வெயிலில் காருக்குள் விட்டு, உள்ளே 60 டிகிரி ஆனால், அழுத்தம் 220 பாருக்குப் போகும். காரில் விடக் கூடாது. சிலிண்டரில் தயாரித்த மாதமும் வருடமும் அடித்திருக்கும், பத்து வருடம் தாண்டியதைப் போட்டியில் அனுமதிப்பதில்லை, பயிற்சிக்கும் வேண்டாம் என்பேன்.

காலை ஆறரைக்கே போய்விடலாம். கெட்டியான அடிப்பாகம் உள்ள தட்டை ஷூ, முழங்கை மறைக்கும் பருத்திச் சட்டை போதும். கான்வாஸ் ஜாக்கெட் முதல் மாதம் தேவையில்லை, நம் வெயிலில் அது பிள்ளைகளை வாட்டிவிடும். ஆளுக்கு முப்பது பெல்லட். ஐந்து சரிபார்க்க, மீதி ஐந்தைந்தாக ஐந்து அட்டை. இன்னும் சுடணும் என்று கேட்கும்போதே நிறுத்திவிட வேண்டும். களைத்த கை தவறான பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டு வரும். புனே திரும்பிய பின் தொடர வேண்டுமென்றால் பாலேவாடி மைதானத்தில் ரேஞ்ச் இருக்கிறது.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று. இரண்டு பிள்ளைகளையும் ஹாலில் நிறுத்தி, இரு கையையும் நீட்டி உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கட்டை விரல் பக்கம் சின்னத் துவாரம் விடச் சொல். இரண்டு கண்ணும் திறந்தபடி அதன் வழியாகச் சுவர்க் காலண்டரில் ஒரு தேதியைப் பார்க்கட்டும். பிறகு ஒரு கண்ணை மூடு, அடுத்து மறு கண்ணை மூடு. எந்தக் கண்ணுக்குத் தேதி மறையாமல் நிற்கிறதோ அதுதான் குறிக்கண். மூன்று தடவை பார். கவின் வலது கையால் எழுதினாலும் இடது கண் வந்தால் இடது தோளிலேயே பழக்குவது நல்லது, அந்த வயதில் சுலபமாக வரும். நிலாவுக்கு அப்படி வந்தால் இரண்டையும் சுட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். மற்ற கண்ணை மூடிக்கொண்டு சுடப் பழக்காதே, முகம் சுருங்கிச் சீக்கிரம் களைத்துவிடும், அந்தக் கண்ணுக்கு முன்னால் வெள்ளை மறைப்பு ஒட்டிக்கொடுப்போம்.

கிளப்பில் இடக்கை ரைபிள் ஒன்றே ஒன்றுதான். முன்கூட்டிச் சொன்னால் எடுத்து வைப்பார்கள். யாருக்கு எந்தக் கண் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பா போனுக்கு அனுப்பிவிடு தாயி.

அன்புடன்,
அம்மா